அரிசி கார்டுக்கு வளையல்

அத்தியாயம் 11

அன்று சனிக்கிழமை. இரும்புலியூர் வீட்டில் காலையிலேயே இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை. ஒன்று, சுற்றமாட்டேன் என்று அடம்பிடித்த கிரைண்டர். இன்னொன்று வெண்ணிலா. கிரைண்டரையாவது தலையில் ஒரு தட்டு தட்டி ஓடவைக்கலாம். வெண்ணிலா கிட்டே யார் போவது?

அவள் கோபத்துக்குக் காரணம் போன வாரமே உங்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, வெண்ணிலா இன்டர்நெட்டில் கண்ணாடி வளையல் கடை திறந்து ஆறு மாதம் ஆகிறது. கடை என்றதும் ஷட்டரையும் போர்டையும் தேடாதீர்கள். வளையல் ஹால் அலமாரியில் இருக்கிறது, கடை அவள் தம்பி ஹேமநாத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 'வளைதளம்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். பெயரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ரசித்தார்கள். வளையல் வாங்கியவர்கள் யாரென்று பார்த்தால், சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ஹேமநாத்தின் சினேகிதர்கள், அதுவும் தாட்சண்யத்துக்கு.

கணவன் தனசேகர் தாம்பரம் மெப்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று அங்கே தீபாவளிக்கு முன்பிருந்தே பேச்சு. அவன் பயந்துபோய், சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் மனைவிக்கு வேலை பேசி வைத்துவிட்டான். கரஸ்பாண்டென்ட் ஏசுபாதம் சார் தங்கமான மனிதர். "சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடும்மா, திங்கட்கிழமையிலேர்ந்து வந்துடலாம்" என்று சொல்லியிருந்தார்.

வேலைக்குப் போனால் கடை கிடையாது. அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. சாயந்திரம் அவள் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தையில்தான் கடை இருப்பதும் போவதும் இருந்தது. கடை போய்விடும் என்றுதான் அவளுக்கே தோன்றியது. அதுதான் கோபம்.

கிரைண்டரை இரண்டாவது தட்டு தட்டும்போது போன் அடித்தது.

"அலோ, வளையல் கடையா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் கன்னியம்மா பேசறேன், கோவளத்துலேர்ந்து. நாளிக்கு எம் பொண்ணுக்கு வளகாப்பு. வளையல் இன்னும் வந்து சேரலியே, இன்னாமா ஆச்சி?"

வெண்ணிலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவளத்திலிருந்து ஆர்டரே வரவில்லையே!

"எப்பம்மா ஆர்டர் பண்ணீங்க?"

"போன வாரமே பண்ணியாச்சி. சின்னப் பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அதும் நானும் பிரௌசிங் சென்டருக்குப் போனோம். பச்சைல தங்கப் பொட்டு வெச்ச வளையல் வந்திச்சி, அத்த அமுக்கனோம். பேரு, விலாசம் அல்லாம் போட்டோம். அப்பால கார்டு நம்பர் கேட்டிச்சி. குடுத்தோம்."

"நம்பரை எடுத்துக்கிச்சா?"

"எங்க எடுத்துக்கிச்சி? செகப்பு எழுத்துல இன்னாவோ வந்திச்சி. திருப்பித் திருப்பிப் போட்டோம். கடசீல சின்னது, 'போதும்மா, போய்ச் சேந்திருக்கும்'னு சொல்லிச்சி."

"என்ன கார்டும்மா அது? விசாவா?"

"விசாவா? நாங்க எந்த ஊருக்கும் போவலியேமா. வளையல் வாங்கறதுக்கு எதுக்கு விசா?"

"அதில்லம்மா... கார்டுல மேல என்ன எழுதியிருக்கு, பாத்துச் சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரர் பேரு எழுதிகீது. போட்டா கீது. 2009 வரிக்கும்னு போட்டுகீது. கம்ப்யூட்டர்ல அத்தியும் கேட்டிச்சி, அத்தியும் போட்டோம்." கொஞ்சம் தயங்கிவிட்டு கன்னியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்களுது அரிசி கார்டுமா. சர்க்கரை கார்டு இருந்தாதான் எடுத்துக்குமா?"

வெண்ணிலாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ரேஷன் கார்டு! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை எடுப்பதற்குள் சிரிப்பு காணாமல் போய்விட்டது.

கார்டு என்று மொட்டையாகச் சொன்னால் இந்த ஊரில் எந்தக் கார்டு? 'கார்டை எடுத்துக்கிட்டு சீக்கிரம் போ, பாமாயில் போடறாங்களாம்' என்றால் யாராவது கிரெடிட் கார்டைத் தேடியிருக்கிறார்களா? போதாக்குறைக்கு அதிலும் நம்பர் இருக்கிறது, அதற்கும் காலக்கெடு இருக்கிறது. அந்தப் பெண் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியிருக்கிறாள். கேள்விதான் வேறு யாரையோ கேட்ட கேள்வி.

"கார்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள் வெண்ணிலா. "வளையல் இன்னிக்கே வந்துடும். நானே கொண்டாறேன்."

போனை வைத்த பிறகுதான் கோவளம் எவ்வளவு தூரம் என்று யோசித்தாள்.

ஹேமநாத் தூக்கக் கலக்கத்தோடு அறையிலிருந்து வந்தான். சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் அவனுக்குப் பொழுது விடிவதே பத்து மணிக்கு. விஷயத்தைக் கேட்டதும் சோபாவில் விழுந்து புரண்டு சிரித்தான்.

"அரிசி கார்டா! அக்கா, சத்தியமா சொல்றேன், இந்த ஜோக்கை ஆபீஸ்ல சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்."

"சிரிச்சு முடிச்சிட்டியா? இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. நம்ம கடையில கார்டு நம்பர் கேக்கிற பக்கம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவங்க நிறைய பேர்னு சொன்னியே, அவங்கள்லாம் யாரு?"

"அதான் சொன்னேனேக்கா. சும்மா வேடிக்கை பாக்கறவங்க."

"வேடிக்கை பாக்கறவ எதுக்குடா விலாசம் எழுதறா? வளையல் சைஸ் எதுக்குடா எழுதறா?"

ஹேமநாத் பல் தேய்க்கப் போகிறவன் மாதிரி நழுவப் பார்த்தான். அக்கா விடவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கார்டு மூலம் பணம் வாங்கும் வசதிக்காக பேங்குக்கு அவன் நடையாய் நடந்தவன். அதற்குப் பெயர் 'பேமென்ட் கேட்வே' என்று முதல் நாள் பெருமையாகச் சொன்னபோது, கேட்வே என்றால் வாசல்தானே என்று வெண்ணிலா மனசுக்குள் தமிழ்ப்படுத்திக்கொண்டாள். வாசல் பிரமாதமாகத்தான் இருந்தது. உள்ளே வரத்தான் யாராலும் முடியவில்லை.

அப்படித் திரும்பிப் போனவர்களில் போன் நம்பர் எழுதிவிட்டுப் போனவர்களை வெண்ணிலா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

குரோம்பேட்டை தோத்தாத்ரி மாமா, தன் மகளுக்காக வளையல் பார்த்தவர். ரிடையரானவர், பேசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம் குரலிலேயே தெரிந்தது. "நெட்ல நம்பரைப் போட்டா அக்கவுண்ட்ல இருக்கறதை வழிச்சு எடுத்துண்டு போயிடறான்னு பேப்பர்ல போட்டிருந்தானேம்மா! நீ நல்ல பொண்ணாத்தான் இருப்பே. உன் கம்ப்யூட்டரை எனக்குப் பழக்கமில்லையே."

சேலையூர் ஜாஸ்மின் முதலில் பிடிகொடுக்கவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "கார்டு இருக்குங்க, ஹஸ்பண்ட் பேர்ல. வளையலுக்குன்னு அவர்கிட்ட கேட்டா, எதுக்கு, எவ்வளவு, எந்தக் கடைன்னு பெரிய இன்டர்வியூவே நடக்கும். வீட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சது கையில இருக்கு. கையில இருக்கிற பணத்தை உங்க கம்ப்யூட்டர் வாங்கிக்குமா?"

மற்றவர்களும் ஏறக்குறைய இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொன்னார்கள். வளையல் பிடிக்கவில்லை என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. வெண்ணிலாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆறு மாதமாகத் தன் வளையலில்தான் ஏதோ குறை என்று ராத்திரியெல்லாம் புரண்டிருக்கிறாள்.

போன் நம்பர் இல்லாமல் மெயில் முகவரியை மட்டும் விட்டுவிட்டுப் போனவர்களும் சிலர் இருந்தார்கள். கார்டு மட்டும்தான் என்று பார்த்ததும், பெயர் எழுதுவதற்கு முன்பே திரும்பியவர்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

மதியம் தனசேகர் அரை ஷிப்டு முடித்துவிட்டு வந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே முதல் கேள்வி.

"ஏசுபாதம் சாருக்குப் போன் பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லை. கோவளம் வரைக்கும் போகணும். வண்டி எடுக்கறீங்களா?"

"கோவளமா? ஒரு செட் வளையலுக்கா? பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது."

"நாளைக்கு வளைகாப்பு. வளையல் வந்துடும்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

தனசேகர் முணுமுணுத்தான். கழற்றிய ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அவனிடம் இது ஒரு நல்ல குணம். வாய் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் கிளம்பிவிடும். ஆனால் கடை விஷயத்தில் ஒரு கூச்சம் இருந்தது அவனுக்கு. 'உன் வொய்ஃப் என்ன பண்றாங்க?' என்று கம்பெனியில் கேட்டால், 'வீட்ல இருக்காங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வான். வளையல் விற்கிறாள் என்று சொல்ல நாக்கு எழாது. வெண்ணிலாவுக்கு அது தெரியும். தெரியும் என்று அவள் காட்டிக்கொண்டதில்லை.

தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. பெருங்களத்தூரில் முடிச்சூர் பக்கம் பிரிகிற இடம் வந்தபோது தனசேகர் முகத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டான். எப்போதும் அப்படித்தான்.

முடிச்சூரில் அவன் அக்கா பொன்னியம்மாள் இருக்கிறாள். போன வருஷம் அக்கா மகள் ஷர்மிளாவுக்குக் கல்யாணம். அழைப்பிதழில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டது. பிரஸ்காரன் தப்பு என்று அக்கா சொன்னாள். தப்பு என்று சொன்னாளே தவிர, வருத்தம் என்று சொல்லவில்லை. மண்டபம் வரைக்கும் போன தனசேகர் பந்தியில் கை நனைக்காமல் திரும்பி வந்தான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. ஷர்மிளாவைச் சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் முழுக்கச் சுற்றியவன் அவன். இப்போது அவள் பெயரை எடுத்தாலே டி.வி. சத்தத்தைக் கூட்டுவான்.

வண்டலூரில் திரும்பியதும் காற்று வந்தது. ஐப்பசி மழையில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாம்பாக்கம், கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் போய்ச் சேரும்போது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

கன்னியம்மா வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கன்னியம்மா வந்தாள். வெண்ணிலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் கடையா? நான் இன்னாவோ ஏசி போட்ட பெரிய கடைன்னு நெனச்சிகினு இருந்தேன்!"

"கடையே நான்தாம்மா" என்று சிரித்தாள் வெண்ணிலா.

கன்னியம்மா வாசலில் நின்ற தனசேகரைப் பார்த்தாள். "நீ இன்னாப்பா, கடைல டெலிவரியா?"

"இல்லைங்க, நான் மெப்ஸ்ல சூப்பர்வைசர்" என்றான் தனசேகர் அவசரமாக.

"சரி சரி, குந்து. கலர் குடிக்கிறியா?"

உள்ளே பாயில் எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் மாத வயிறு. வெண்ணிலா பெட்டியைத் திறந்ததும் பச்சை வளையல்களைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. அளவுக்கு ஒன்றை எடுத்து வெண்ணிலா அவள் கையில் ஏற்றிப் பார்த்தாள். வளையல் விரல் கணு தாண்ட மறுத்தது.

"எனிக்கு ரெண்டு நாலுதான்க்கா. எப்பவும் அதான் போடுவேன்" என்றாள் எல்லம்மா கவலையோடு.

"அது போன வருஷம். இந்த மாசத்துல கை வீங்கித்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்." பெட்டியின் அடித்தட்டிலிருந்து ரெண்டு ஆறு அளவில் அதே பச்சையை எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று கிளம்பும்போது வைத்தது. அது வழுக்கிக்கொண்டு ஏறியது.

"பாத்தியாம்மா! தபால்ல வந்திருந்தா இன்னா பண்ணிகிறது? நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட குந்திகினு இருக்கணும்" என்றாள் எல்லம்மா அம்மாவிடம்.

வாசலில் கலர் பாட்டிலோடு நின்ற தனசேகர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வளையல் வந்திருக்கிறது என்று தெரிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். நாளைக்கு எல்லோர் கையிலும் வளையல் வேண்டுமே. வெண்ணிலா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பிடித்துப் போட்டுவிட்டாள். ஒரு அம்மாளுக்கு மீன் அரிந்து காய்த்துப்போன கை. அதில் ஒரு வளையல் பட்டென்று போனது. வெண்ணிலா துண்டுகளைப் பெட்டி மூடியில் போட்டுவிட்டு அடுத்த வளையலை எடுத்தாள்.

கன்னியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

"துட்டு எப்பம்மா குடுக்கணும்? கார்டு நம்பர் மறுக்காவும் சொல்லணுமா?"

"கையில போட்டு முடிச்சப்புறம் குடுத்தா போதும்மா. உடைஞ்சது என் கணக்கு" என்றாள் வெண்ணிலா.

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டாள்.

தாம்பரம் மார்க்கெட்டில் எந்த வளையல் கடைக்குப் போனாலும் இதுதானே நடக்கிறது? முதலில் கையைப் பிடிப்பார்கள். அளவு பார்ப்பார்கள், போட்டுவிடுவார்கள். உடைந்தது கடைக்காரர் கணக்கு. முழுசாகக் கையில் ஏறியதற்குத்தான் காசு, அதுவும் கடைசியில். பிறந்ததிலிருந்து அப்படித்தான் வளையல் வாங்கியிருக்கிறாள். அவள் திறந்த கடை மட்டும் ஆறு மாதமாக, கையைப் பிடிப்பதற்கு முன்னாலேயே காசைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. கடை திறந்த நாளுக்கு அப்புறம் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

திரும்பும் வழியில் மாம்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீயை ஆற்றிக்கொண்டே தனசேகர் கேட்டான்.

"என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"பொருள் போய்ச் சேர்ந்தப்புறம் பணம் வாங்கிக்கலாம்னு. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்னா நேர்ல கொண்டுபோய்க் கொடுத்துடலாம். வெளியூர்னா போஸ்ட் ஆபீஸ்ல வி.பி.பி. இருக்கு. போஸ்ட்மேன் பார்சலைக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கி அனுப்பிடுவார். பிரிச்சுப் பாக்கவிட மாட்டாங்க. ஆனா பெட்டி கண்ணு முன்னால இருக்குமே."

"வாசல் வரைக்கும் போனப்புறம் வேண்டாம்னு திருப்பி அனுப்பினா?"

"திரும்பி வரும். வர்ற வழியில கொஞ்சம் உடையும்."

"நஷ்டம்தானே?"

"நஷ்டம்தான். உடைஞ்சதை மூடியில போட்டுட்டு அடுத்த வளையலை எடுக்கணும். இப்ப பாத்தீங்களே."

தனசேகர் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டான். "என் வேலை போயிடுச்சுன்னா வெண்ணிலா?"

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு." அவள் பூசி மெழுகவில்லை. "தை மாசம் வரைக்கும் கொடுங்க. அதுக்கப்புறமும் இப்படியேதான்னா நானே மூடிட்டு வேலைக்குப் போறேன். இத்தனை நாளா நான் கடை நடத்தலைங்க. பூட்டுன கடைக்கு வெளியில உக்காந்திருந்தேன்."

அவன் டம்ளரை வைத்தான். "ஏசுபாதம் சார்கிட்ட நீயே பேசிக்கோ. நான் பேசமாட்டேன்." அதில் கோபம் இருந்தது. வேண்டாம் என்ற சொல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் வெண்ணிலா போனை எடுத்தாள்.

"நல்லா யோசிச்சுத்தானே சொல்றேம்மா?" என்று கேட்டார் ஏசுபாதம் சார்.

"யோசிச்சிட்டேன் சார். மன்னிச்சுக்கங்க."

"மன்னிக்க இதுல என்ன இருக்கு? நல்லா நடத்து. எங்க வீட்லயும் அடுத்த மாசம் மருமகளுக்கு வளையல் வேணும். ஆனா எனக்கு இந்தக் கார்டெல்லாம் கிடையாதும்மா."

"இனிமே கார்டு வேண்டாம் சார்" என்றாள். போனை வைத்தாள். ஒரு நல்ல வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இனி திரும்ப முடியாது.

ஹேமநாத் கம்ப்யூட்டர் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"'கேஷ் ஆன் டெலிவரி'ன்னு போட்டுடவாக்கா? ஸ்டைலா இருக்கும்."

"ஸ்டைலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். 'வளையல் கைக்கு வந்ததும் பணம்'னு போடு. மேல போடு. கார்டைக் கீழே தள்ளு."

"கார்டு பக்கத்துல 'ரேஷன் கார்டு அல்ல'ன்னு போடவா?"

"பேங்க் கார்டுன்னு போடுடா, போதும். அப்புறம், மெயில் முகவரி மட்டும் விட்டுட்டுப் போனாங்களே, அவங்களுக்கெல்லாம் ஒரு வரி எழுதிடு. இனிமே இப்படியும் வாங்கலாம்னு."

கிரைண்டர் சமாதானமாகி ஓடத் தொடங்கியது. தனசேகர் ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரே பக்கத்தை ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

தோசைக்குச் சட்னி தாளிக்கும்போது ஹேமநாத் கத்தினான். "அக்கா! வந்துடுச்சு! ஆர்டர் வந்துடுச்சு!"

வெண்ணிலா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"மெயில் போட்டோமே, அதுல ஒருத்தங்க. முன்னாடி கார்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போனவங்கதான். வளைகாப்பு செட், அரக்கு கலர், ரெண்டு நாலு. கைக்கு வந்ததும் பணம். பேரு ஷர்மிளா. கேர் ஆஃப் பொன்னி..."

அவன் நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தான்.

"படி" என்றான் தனசேகர்.

"கேர் ஆஃப் பொன்னியம்மாள், முடிச்சூர்."

பேப்பர் மடிந்து கீழே இறங்கியது. ஷர்மிளாவுக்கு வளைகாப்பு. தாய்மாமனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. தனசேகரின் முகத்தைப் பார்க்க வெண்ணிலாவுக்குப் பாவமாக இருந்தது.

"கடை யாருதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியலை மாமா. நம்ம பேர் எங்கயும் போடலை. இரும்புலியூர்னு மட்டும்தான் இருக்கு." ஹேமநாத் தலையைச் சொறிந்தான். "கார்டுல கட்டியிருந்தா கூரியர்ல போட்டுடலாம், யாருக்கும் யாருன்னே தெரியாது. இது கையில கொடுத்துப் பணம் வாங்கணும். யாராவது ஒருத்தர் போய் வாசல்ல நிக்கணும்."

"தாய்மாமன் போடவேண்டிய வளையலுக்குத் தாய்மாமனே காசு வாங்கறதா?" என்றான் தனசேகர்.

"வாங்கலைன்னா கடைக்கு நஷ்டம். வாங்கினா உங்களுக்கு நஷ்டம்" என்றாள் வெண்ணிலா மெதுவாக. "எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவன் எழுந்து அலமாரிப் பக்கம் போனான். அரக்கு வளையல் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல், அவன் வளையலைத் தொட்டு வெண்ணிலா பார்த்ததில்லை.

"ரெண்டு நாலு பத்தாது. கை வீங்கியிருக்கும், பாவம். ரெண்டு ஆறும் எடுத்து வை."

பிறகு போனை எடுத்தான். கொண்டுவருமுன் கூப்பிடச் சொல்லி ஆர்டரில் ஒரு நம்பர் இருந்தது. ஹேமநாத் அதைப் படிக்க வாயைத் திறப்பதற்குள் தனசேகர் பாதி நம்பரை அழுத்திவிட்டான். ஒரு வருஷமாகக் கூப்பிடாத நம்பர், விரலுக்கு மறக்கவில்லை.

மணி அடித்தது. எடுத்தது பொன்னியம்மாள்தான். அந்தக் கணீர்க் குரல் பக்கத்தில் நின்ற வெண்ணிலாவுக்கே கேட்டது.

"அலோ, யாரு?"

தனசேகர் அக்கா என்று கூப்பிட வாயெடுத்தான், வரவில்லை. டப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வளையல் கடையிலேர்ந்து பேசறேங்க" என்றான்.

மறுமுனையில் பேச்சு இல்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.